மோப்பமும் முற்றமும்: சுட்டிக்காட்டும் நாய்களில் எதைத் தேர்வது?

வேட்டைநாய் என்றதும் தமிழ் வாசகரின் மனத்தில் எழுவது பெரும்பாலும் பாய்ந்தோடும் நாயின் உருவமே. சிப்பிப்பாறையும் கன்னியும் இரையைக் கண்ணால் கண்டு, நீண்ட கால்களால் விரட்டி, வாயால் கவ்விப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்டவை. ஐரோப்பாவில் உருவான மற்றொரு நாய்க்குடும்பமோ இதற்கு நேர்மாறான பண்புக்காகப் பேணப்பட்டது. புல்லுக்குள் பதுங்கியிருக்கும் காடையையோ கவுதாரியையோ காற்றில் மிதந்துவரும் மணத்தைக் கொண்டே அறிந்து, அறிந்த நொடியிலேயே ஓட்டத்தை நிறுத்தி, உடல் விறைக்க, மூக்கு இரையிருக்கும் திசையை நோக்க, சில வேளைகளில் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடியே சிலைபோல நிற்பது அக்குடும்பத்து நாய்களின் தொழிலாகும். இவ்வாறு நிற்பதை ஆங்கிலம் பேசும் வேட்டைக்காரர்கள் ‘பாயிண்ட்’ என்கின்றனர். தமிழில் அதைச் சுட்டிநிற்றல் என்றும், அதைச் செய்பவற்றைச் சுட்டிக்காட்டும் நாய்கள் என்றும் கூறலாம். இரையைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆற்றல் இருந்தும், மனிதர் வந்து சேரும்வரை காத்திருப்பதே இந்த நாயின் சிறப்பு.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டையைத் தடைசெய்திருப்பதால், இந்த நாய்களின் வேலையை இங்குக் காண வழியில்லை. அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் பறவை வேட்டை உரிமத்துக்கும் பருவக் கட்டுப்பாட்டுக்கும் எண்ணிக்கை வரம்புக்கும் உட்பட்டு இன்றும் நடைபெறுகிறது. அங்கு முற்காலத்தில் பிரபுக்களின் மாளிகைக்கு வெளியே கொட்டில்களில் பணியாளர்களின் பொறுப்பில் வாழ்ந்த நாய், இன்று நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தில், குழந்தைகளின் காலடியில் படுத்துறங்குகிறது. வார இறுதிகளில் மட்டும் வேட்டைக்குச் செல்லும் ஒருவருக்கு ஆண்டில் 20 அல்லது 30 நாள்கள் கிடைத்தாலே அது நல்ல பருவம். எஞ்சிய 330க்கும் மேற்பட்ட நாள்களும் அந்த நாய் வீட்டு உறுப்பினராகவே வாழ வேண்டியிருக்கிறது. ஆகவே எந்த இனம் சிறந்தது என்று கேட்பதைக் காட்டிலும், எந்த இனம் எந்த நிலத்துக்கும் எந்த வாழ்க்கைமுறைக்கும் விடையாக உருவாக்கப்பட்டது என்று கேட்பதே தேர்வை எளிதாக்கும்.

நிற்கும் இயல்பு எங்கிருந்து வந்தது

ஓநாயோ நரியோ இரையை அணுகும்போது தேடுதல், மணம் பிடித்தல், பதுங்கி முன்னேறுதல், ஒரு கணம் உறைந்து நிற்றல், பாய்தல் என்ற வரிசையில் இயங்குகிறது. பாய்ச்சலுக்கு முந்தைய அந்த ஒரு கணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து நீட்டி, அதைத் தொடரும் பாய்ச்சலை அடக்கிவிட்டதன் விளைவே சுட்டிநிற்றல். இது பெருமளவு பிறவியிலேயே அமையும் பண்பு. சில வாரக் குட்டிகளே ஒரு பறவைச் சிறகைக் கண்டு உறைந்து நிற்பதுண்டு. சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் உள்ளுணர்வைப் பற்றிப் பேசும்போது, முதன்முறையாக வெளியே அழைத்துச் செல்லப்படும் இளம் பாயிண்டர் நாய்கள் சுட்டிநிற்பதையும், மற்றொரு நாய் நிற்பதைக் கண்டு தாமும் நிற்பதையும் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். மணம் தனக்கு எட்டாதபோதும் தோழனின் நிலையைக் கண்டு நிற்கும் இரண்டாவது பண்பை வேட்டைக்காரர்கள் மதித்து நிற்றல் என்ற பொருளில் வழங்குகின்றனர். பயிற்சி இவற்றைப் புதிதாகப் படைப்பதில்லை; பறவை சிறகடித்து எழுந்த பின்னும், துப்பாக்கி வெடித்த பின்னும் நாய் அசையாமல் நிற்கும்படி அந்த இயல்பை உறுதிப்படுத்தவே செய்கிறது.

பறக்கும் பறவையைச் சுடத்தக்க இலேசான துப்பாக்கி பரவுவதற்கு முன்பு, ஐரோப்பாவில் பறவைகள் வலையால் பிடிக்கப்பட்டன. நாய் பறவைக் கூட்டத்தைக் கண்டறிந்து தரையோடு தரையாகப் பதுங்க, வேட்டைக்காரர்கள் நாயின் மேலாகவே வலையை இழுத்துப் பறவைகளை மூடினர். இன்று ‘செட்டர்’ எனப்படும் நீள்மயிர் இனங்களின் பெயர் அந்தப் பதுங்கலையே குறிக்கிறது. சில செட்டர்கள் இன்றும் முழுதாக நிமிர்ந்து நில்லாமல் உடலைத் தாழ்த்திச் சுட்டுவது அந்த வலைக்காலத்தின் எச்சமாகும். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பறக்கும் பறவையைச் சுடும் வழக்கம் பரவியபோது, புல்லுக்கு மேலே தலை தெரியும்படி நிமிர்ந்து நிற்கும் குறுமயிர் நாய் பயனுள்ளதாயிற்று. ஸ்பெயின் நாட்டு நாய்களின் வழியே இங்கிலாந்தில் பாயிண்டர் இனம் வளர்ந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

பிரிட்டன் வளர்த்த தனித்திறன்

பிரிட்டனின் பெருநில உடைமையாளர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நாயை வைத்துக்கொள்ளும் வசதி படைத்தவர்கள். புதரிலிருந்து பறவையைக் கிளப்ப ஸ்பானியல், விழுந்த பறவையை எடுத்துவர ரெட்ரீவர், திறந்த வெளியில் தேடிச் சுட்டிக்காட்டப் பாயிண்டரும் செட்டரும் என வேலைகள் பிரிக்கப்பட்டிருந்தன. அதனால் பிரிட்டிஷ் இனங்கள் தேடுதல், சுட்டுதல் என்ற இரண்டில் மட்டும் ஒப்பற்ற கூர்மை பெற்றன. காற்றை எதிர்கொண்டு இடமும் வலமுமாக விரிந்தோடி, குறைந்த நேரத்தில் பரந்த நிலத்தை அலசும் வேகம் ஆங்கிலப் பாயிண்டருக்கு வாய்த்தது. எட்வர்ட் லாவரக் என்பவர் 1825இல் பெற்ற இரண்டு நாய்களைக் கொண்டு அரை நூற்றாண்டுக் காலம் நெருங்கிய இனச்சேர்க்கையால் ஆங்கிலச் செட்டரின் வடிவத்தை நிலைப்படுத்த, அவரது நாய்களை அடிப்படையாகக் கொண்டு பர்செல் லூவெலின் களத்துக்கு ஏற்ற வழியொன்றை உருவாக்கினார். ஸ்காட்லாந்தில் நான்காம் கோர்டன் பிரபுவின் பெயரால் கறுப்பும் செம்பழுப்பும் கலந்த கோர்டன் செட்டர் புகழ்பெற்றது. அயர்லாந்தில் செந்நிறச் செட்டர் வளர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குழாயின் பின்புறமாகத் தோட்டா நிரப்பும் துப்பாக்கிகள் வந்து விரைவாகச் சுட முடிந்ததும், ஆள்களை வைத்துப் பறவைகளைத் துப்பாக்கி வரிசையை நோக்கி விரட்டும் முறை பிரிட்டனில் பரவியது. அம்முறையில் சுட்டிக்காட்டும் நாய்க்கு இடமில்லை. ஸ்காட்லாந்தின் மலைச்சமவெளிகளில் குரவுஸ் எனப்படும் காட்டுக்கோழியைத் தேடும் வேட்டையில் அது நிலைத்தது. அமெரிக்காவின் தென்பகுதியிலோ அதற்கு இரண்டாவது தாயகமே கிடைத்தது. ஜார்ஜியாவின் தாமஸ்வில் வட்டாரத்துக் காடைத் தோட்டங்களில், பைன் மரங்களுக்கிடையே குதிரையேறி நாயைப் பின்தொடரும் மரபு அவ்வாறு வளர்ந்ததே. டென்னசி மாநிலத்தின் கிராண்ட் ஜங்ஷனில் உள்ள ஏம்ஸ் பண்ணையில் நடைபெறும் தேசியப் பறவைநாய்ப் போட்டியில், ஒவ்வொரு நாயும் மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடித் தேடித் தன் வலிமையை மெய்ப்பிக்க வேண்டும் என்பது அந்த மரபு எத்தகைய நாயை விரும்புகிறது என்பதைக் காட்டும்.

ஒரே நாய் அனைத்தும் செய்ய வேண்டிய நிலம்

ஜெர்மன் நாடுகளில் கதை வேறாக அமைந்தது. 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் விளைவாக, பிறர் நிலத்தில் வேட்டையாடும் பிரபுக்களின் தனியுரிமை நீங்கி, வேட்டையுரிமை நிலவுடைமையோடு இணைந்தது. சிறு நில உடைமையாளரும் வனக்காவலரும் நகரத்து நடுத்தர வகுப்பாரும் வேட்டைக்கு வந்தனர். அவர்களால் நான்கு வகை நாய்களை வைத்துப் பேண இயலாது. பறவையைச் சுட்டி நிற்கவும், விழுந்ததைத் தரையிலும் நீரிலும் எடுத்துவரவும், காயம்பட்ட மானின் இரத்தத் தடத்தைத் தொடரவும், மாலையில் வீட்டைக் காக்கவும் ஒரே நாய் தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த இனங்களைப் பன்முகப் பயன் நாய்கள் எனலாம்.

அவற்றுள் உலகெங்கும் பரவியது ஜெர்மன் ஷார்ட்ஹேர் பாயிண்டர் என்ற குறுமயிர் இனம். 58 முதல் 63 செ.மீ. உயரமும் 25 முதல் 32 கிலோ எடையும் கொண்ட அதன் ஆண் நாய், திறந்த வெளியிலும் நீரிலும் ஒருங்கே வேலை செய்யும். 1925இல் மொன்டானா மாநிலத்து மருத்துவர் சார்ல்ஸ் தார்ன்டன் இறக்குமதி செய்த நாய்களின் வழியே அமெரிக்காவில் அது வேரூன்றியது. 1930இல் அமெரிக்கக் கென்னல் கிளப் அதை ஏற்றுக்கொண்டது. அதன் கம்பிமயிர் உறவான டிராட்ஹார், முள்ளும் பனிநீரும் ஊடுருவாத முரட்டு மயிரும் அடர்ந்த புருவமும் தாடியும் உடையது. ஜெர்மனியில் அதன் சங்கம், குறிக்கப்பட்ட வேட்டைத் தேர்வுகளில் தேறி உடலமைப்பு மதிப்பீட்டிலும் தகுதி பெற்ற நாய்களுக்கே இனப்பெருக்க அனுமதி அளிக்கிறது. நரி போன்ற ஊனுண்ணிகளை எதிர்த்துக் கொல்லும் கூர்மையும் அங்கு மதிக்கப்பட்ட பண்பாக இருந்தது என்பதைப் பூனை வளர்க்கும் குடும்பத்தார் மறந்துவிடலாகாது.

வெள்ளிச் சாம்பல் நிறமும் வெளிறிய கண்களும் கொண்ட வைமரானர், வைமர் நகரின் பெயரைத் தாங்கியது. பெருவிலங்கு வேட்டையிலிருந்து பறவை வேட்டைக்கு வந்த இந்த நாயின் ஆண் 32 முதல் 41 கிலோ வரை எடை கொள்ளும். காவல் உணர்வும் பிடிவாதமும் மிகுந்தது. ஹங்கேரிச் சமவெளியின் செம்பொன்னிற விஷ்லா, தேடுதல் என்ற பொருளுடைய ஹங்கேரிய வினையோடு தொடர்புடைய பெயர் பெற்றது. இரண்டு உலகப்போர்களின் அழிவில் அருகிப்போய், அகதிகளோடு நாட்டைவிட்டு வெளியேறிய நாய்களின் வழியாகவும் பிழைத்துப் பரவி, 1960இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. பிரான்சின் பிரிட்டனி வட்டாரத்துச் சிற்றூர்களில் தோன்றிய பிரிட்டனி நாய், 44 முதல் 52 செ.மீ. உயரமும் 14 முதல் 18 கிலோ எடையும் மட்டுமே உடையதாயினும், தன்னிலும் பெரிய நாய்களுக்கு ஈடான உழைப்பைத் தரும். சில குட்டிகள் இயற்கையாகவே குறுவாலுடன் பிறக்கின்றன. நெதர்லாந்தைச் சேர்ந்த எட்வர்ட் கோர்தல்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய கம்பிமயிர் கிரிஃபான், நடந்து செல்லும் வேட்டைக்காரரைவிட்டு அதிகம் விலகாமல் நிதானமாகத் தேடும் இயல்புடையது.

நிலமும் தேடும் வீச்சும்

நாய் தன் மனிதரிடமிருந்து எவ்வளவு தொலைவு விலகித் தேடுகிறது என்பதை வேட்டைக்காரர்கள் வீச்சு என்ற பொருளில் பேசுகின்றனர். இனத் தேர்வின் முதல் அளவுகோல் அதுவே. பறவைகள் அரிதாகவும் நிலம் திறந்ததாகவும் இருந்தால், தொலைவாகச் செல்லும் நாய் மனிதரின் நடையைக் குறைக்கிறது. வடமேற்கு அமெரிக்காவின் வறண்ட மலைச்சரிவுகளில் வாழும் சுக்கர் கவுதாரியைத் தேடுபவர்களுக்கு அத்தகைய நாய் இன்றியமையாதது. அந்தப் பறவையே தெற்காசியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கராச்சியிலிருந்து அனுப்பப்பட்ட பறவைகளோடு அதன் அமெரிக்க வரலாறு தொடங்குகிறது.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியின் அடர்ந்த இளங்காடுகளில் நிலைமை தலைகீழாகிறது. அங்குள்ள காட்டுக்கோழி நாயின் சிறு பிழைக்கும் எழுந்து பறந்துவிடும். இருபது அடி தொலைவில் நிற்கும் நாயைக்கூட இலைகள் மறைத்துவிடும். அங்கு நாயின் கழுத்துமணியோசை கேட்கும் தொலைவில் பொறுமையாகத் தேடும் செட்டரோ பிரிட்டனியோ கிரிஃபானோ பொருந்துகிறது. சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்டு 1880களில் ஒரிகன் மாநிலத்தில் நிலைபெற்ற ஃபெசன்ட் கோழி, நாய் நிற்பதைக் கண்டும் பதுங்காமல் புல்லுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், காயம்பட்டாலும் ஓடும். ஆகவே டகோட்டா சமவெளிகளில் ஃபெசன்ட் தேடுபவர்கள், நின்று காட்டுவதோடு தடம் பிடித்துத் தேடி எடுத்தும்வரும் ஜெர்மன் இனங்களை விரும்புகின்றனர். வாத்து வேட்டையும் சேர்ந்துவிட்டால், உறைகுளிர் நீரில் இறங்க உள்மயிர் அற்ற விஷ்லா சிரமப்படும். கம்பிமயிர் நாய்க்கு அது எளிது.

வீட்டுக்குள் வாழும் வேட்டைக்குணம்

களத்தில் புகழப்படும் ஒவ்வொரு பண்பும் வீட்டுக்குள் வேறொரு முகத்தோடு நுழைகிறது. நாள் முழுவதும் சளைக்காமல் ஓடும் ஆற்றல், ஓட இடமில்லாத வீட்டில் கதவைக் கீறும் அமைதியின்மையாகிறது. மனிதரின் விருப்பத்தை நொடிக்கு நொடி கவனிக்கும் ஒத்துழைப்பு, தனிமையைத் தாங்காத பற்றாகிறது. பறவையை நோக்கிய வேட்கை, கோழிக்கூண்டின் முன்னே மணிக்கணக்காக உறைந்து நிற்பதாகவும் பூனையைத் துரத்துவதாகவும் வெளிப்படுகிறது. இவை குற்றங்கள் அல்ல. எதற்காக அந்த நாய் உருவாக்கப்பட்டதோ அதை அது செய்ய முயல்வதன் அடையாளங்கள்.

இந்த நோக்கில் இனங்களுக்கிடையே கவனிக்கத்தக்க வேறுபாடுகள் உண்டு. விஷ்லா தன் மனிதரின் உடலோடு ஒட்டிக்கொண்டே வாழ விரும்பும் மென்மனம் படைத்தது, கடுஞ்சொல்லால் சுருங்கிப் போகும், தனிமையில் வாடும். வைமரானரும் தனிமையைத் தாங்காது. ஆனால் அதன் எதிர்ப்பு உரத்தது, அதன் பிடிவாதத்தைச் சீராக நடத்த அனுபவமும் உறுதியும் தேவை. ஜெர்மன் ஷார்ட்ஹேர் நட்பும் உற்சாகமும் மிக்கது என்றாலும், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் துள்ளல் தளர்நடைக் குழந்தையைத் தள்ளி வீழ்த்திவிடக்கூடும். ஆங்கிலச் செட்டர் வீட்டுக்குள் சாந்தமும் எல்லாரோடும் இணக்கமும் காட்டுவதால், குழந்தைகளுள்ள வீட்டுக்கு நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கோர்டன் செட்டர் தன் குடும்பத்தாரிடம் ஆழ்ந்த பற்றும் புதியவரிடம் ஒதுக்கமும் காட்டும், மெதுவாகவே முதிர்ச்சியடையும். பிரிட்டனி சிறிய வீட்டுக்கும் சிறிய காருக்கும் ஏற்ற உடலளவு கொண்டதாயினும், அதன் ஆற்றலைச் சிறிதென எண்ணுவது பிழை. களத்தில் எல்லையற்று ஓடும் ஆங்கிலப் பாயிண்டர், போதிய ஓட்டம் கிடைத்துவிட்டால் வீட்டுக்குள் அமைதியாகப் படுத்திருப்பது பலருக்கு வியப்பளிக்கும் உண்மை.

மயிரின் தன்மையும் அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கிறது. குறுமயிர் நாய்களைத் துடைத்துவிட்டால் போதும், எனினும் உதிரும் சிறுமயிர் துணிகளில் குத்தி நிற்கும். செட்டரின் கால்களிலும் வாலிலும் தொங்கும் நீள்மயிரில் ஒட்டுமுட்கள் சிக்கும். வேட்டையிலிருந்து திரும்பிய மாலையில் சீப்புடன் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். கம்பிமயிர் நாயின் தாடி, குடித்த நீரைத் தரையெங்கும் சிந்திச் செல்லும். இவற்றைச் சிறியவை என ஒதுக்குபவர்கள், பத்து முதல் பதினான்கு ஆண்டுகள்வரை அவற்றோடு வாழ வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனத்தினும் பெரியது கால்வழி

இனப் பெயரை மட்டும் கொண்டு நாயைத் தேர்பவர் பாதித் தகவலோடு தேர்கிறார். அதற்கான காரணம் வரலாற்றில் இருக்கிறது. நவீன நாய்க் கண்காட்சிகளுள் முதலாவதாகக் கருதப்படுவது 1859 ஜூன் மாதம் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், பாயிண்டர்களுக்கும் செட்டர்களுக்கும் மட்டுமே நடைபெற்றது. அதே இரண்டு வகைகளுக்கான முதல் களப்போட்டி, 1865இல் பெட்ஃபோர்ட்ஷயரின் சவுத்ஹில்லில் நடைபெற்றது. அரங்கில் அழகையும், வயலில் வேலையையும் தனித்தனியே மதிப்பிடத் தொடங்கிய அந்த ஆறாண்டு இடைவெளியிலேயே, ஒரே இனம் இரண்டு கால்வழிகளாகப் பிரிவதற்கான விதை விழுந்துவிட்டது. கண்காட்சிவழி நாய்கள் பொதுவாக உருவில் பெரியவை, மயிர் மிகுந்தவை, வேகம் குறைந்தவை. களவழி நாய்கள் சிறியவை, ஒல்லியானவை, ஓயாத ஆற்றல் உடையவை.

இந்தப் பிளவின் துயரமான எடுத்துக்காட்டு ஐரிஷ் செட்டர். அதன் செந்நிற எழில் அதை அரங்குக்கும் கூடத்துக்கும் இழுத்துச் செல்ல, வேட்டைத் திறன் பெரும்பாலான வழிகளில் மங்கிப்போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ஆர்வலர்கள் சிலர், ஆங்கிலச் செட்டரின் இரத்தத்தை அனுமதியோடு கலந்து அதன் வேட்டையியல்பை மீட்டனர். அவ்வழி வந்த சிறிய நாய்கள் சிவப்புச் செட்டர் என்றே வேறுபடுத்தி அழைக்கப்படுகின்றன. விஷ்லாவிலும் பிரிட்டனியிலும் இவ்விடைவெளி பெரிதாகாமல் காத்தவர்கள், அரங்கிலும் களத்திலும் பட்டம் பெற்ற இரட்டை வெற்றி நாய்களைப் பெருமையாகக் கருதி வளர்த்தவர்களே. வட அமெரிக்காவில் 1969இல் தொடங்கப்பட்ட பன்முக வேட்டைநாய்ச் சங்கம் நடத்தும் இயல்புத்திறன் தேர்வு, 16 மாதத்துக்குட்பட்ட இளநாயின் மோப்பம், தேடல், தடம் பிடித்தல், சுட்டிநிற்றல், நீரில் இறங்கும் விருப்பம், வேட்கை, ஒத்துழைப்பு ஆகியவற்றை மதிப்பிடுகிறது. நாய்களை ஒன்றோடொன்று போட்டியிட வைக்காமல், வகுக்கப்பட்ட ஓர் அளவுகோலோடு ஒப்பிடுவதால், பெற்றோர் நாய்களின் மதிப்பெண்கள் வாங்குபவருக்கு நம்பத்தக்க வழிகாட்டியாகின்றன.

ஒத்துழைப்புக்கான மதிப்பெண்ணைக் குடும்பத்தார் தனியே உற்று நோக்க வேண்டும். களத்தில் மனிதரோடு தொடர்பை விடாமல் வேலை செய்யும் நாயே வீட்டிலும் சொல்லுக்குச் செவிசாய்க்கும். தேசியப் போட்டிகளில் குதிரைவீரரின் பார்வைக்கு அப்பாலும் ஓடும் வழியில் வந்த குட்டி, அதன் துறையில் ஒப்பற்றதாக இருந்தாலும், மாலை நேரத்தில் கயிற்றில் கட்டி நடத்திச் செல்லும் புறநகர்க் குடும்பத்தில் தானும் துன்புற்று மற்றவரையும் துன்புறுத்தும்.

உடல்நலம்: கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் நாளடைவில் நடையைப் பாதிக்கும் பரம்பரைக் குறைபாடு, நடுத்தர, பெரிய இனங்கள் பலவற்றிலும் காணப்படுகிறது. பெற்றோர் இரண்டுக்கும் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே மதிப்பீட்டைக் கேட்டுப் பெறுவது அடிப்படைக் கடமை. ஆழ்ந்த மார்புடைய வைமரானர், கோர்டன் செட்டர், ஐரிஷ் செட்டர் ஆகியவற்றில் இரைப்பை காற்றால் உப்பித் திருகிக்கொள்ளும் அபாயம் மிகுதி. வயிறு வீங்கி, வாந்தியெடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவிக்கும் நாயைச் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லாவிட்டால் உயிர் பிழைக்காது. ஆங்கிலச் செட்டரில் பிறவிச் செவிட்டுத்தன்மையும், விஷ்லாவில் வலிப்பு நோயும் கவனத்துக்குரியவை. ஐரிஷ் செட்டரின் விழித்திரையைச் சிதைத்துப் பார்வையைப் பறிக்கும் பரம்பரை நோயொன்றின் மரபணு மாற்றம் 1993இல் கண்டறியப்பட்டு, பரிசோதனையின் வழியே அந்நோயைத் தவிர்க்க முடிந்திருப்பது, பொறுப்பான வளர்ப்பாளர்களின் உழைப்பு என்ன சாதிக்கும் என்பதற்குச் சான்று.

முதல் ஆண்டும் இறுதித் தேர்வும்

நல்ல கால்வழியில் பிறந்த குட்டியையும் முதல் ஆண்டில் கெடுத்துவிட முடியும். வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் குணம் பெரும்பாலும் மனிதரின் அவசரத்தால் விளைவது. குட்டி பறவையைத் துரத்தும் மகிழ்ச்சியில் திளைத்திருக்கும்போது தொலைவில் மெல்லிய ஓசையில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாக நெருங்கிவந்தால் அச்சம் வேர்கொள்ளாது. எதுவும் அறியாத குட்டியைத் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்கு நேரே அழைத்துச் செல்வது ஆயுள் முழுவதற்கும் அதன் தொழிலைப் பறித்துவிடும். அதே பொறுமை வீட்டிலும் தேவை. குழந்தைகள் உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயைத் தொந்தரவு செய்யாமலிருக்கக் கற்பதும், நாய் தன் படுக்கையில் அமைதியாக இருக்கக் கற்பதும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள்.

எல்லாவற்றையும் தொகுத்து நோக்கினால், தேர்வு சில நேர்மையான கேள்விகளில் அடங்குகிறது. எந்தப் பறவை, எத்தகைய நிலம், நீர் வேட்டை உண்டா இல்லையா என்பவை இனங்களின் பட்டியலைச் சுருக்கும். வீட்டில் பகலில் யார் இருப்பார், நாய் கட்டின்றி ஓட நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் ஒதுக்க முடியுமா, சிறு குழந்தைகளோ பூனையோ உண்டா என்பவை அதை மேலும் சுருக்கும். அதன்பின் எஞ்சும் இரண்டு மூன்று இனங்களில், பெற்றோர் நாய்களை நேரில் கண்டு, அவை களத்தில் எப்படி உழைக்கின்றன, கூடத்தில் எப்படி ஓய்கின்றன என்பதை உற்று நோக்கியே குட்டியைத் தேர வேண்டும். இளம் குழந்தைகளோடு ஆண்டுக்குச் சில வார இறுதிகள் மட்டும் காட்டுக்குச் செல்லும் குடும்பத்துக்குப் பிரிட்டனியோ நிதானமான வழியில் வந்த ஆங்கிலச் செட்டரோ போதும். வயலும் நீரும் என எல்லாப் பருவத்திலும் வேட்டைக்குச் செல்பவருக்கு ஜெர்மன் ஷார்ட்ஹேரும் டிராட்ஹாரும் பொருந்தும். எந்நேரமும் மனிதர் உடனிருக்கும் வீட்டில் விஷ்லா மலர்ந்து வாழும். வேட்டைக்கே செல்லாமல் அழகுக்காக மட்டும் இந்நாய்களை விரும்புபவர், நாய்க்கு ஓட்டத்தையும் தேடலையும் வேறு வழியில் தர முடியுமா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாதெனில் வேறு வகை நாயைத் தேர்வதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.

பல நூற்றாண்டுகளாக மனிதர் இந்த நாய்களிடம் கேட்டுவந்தது ஒன்றே: கண்டதைப் பிடிக்காமல் நின்று, பின்னால் வருபவருக்காகக் காத்திரு. வலைக்காலத்திலும் துப்பாக்கிக் காலத்திலும் அவை அவ்வாறே காத்திருந்தன. காத்திருப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட உயிரை வீட்டுக்கு அழைத்துவரும் குடும்பம், நாள்தோறும் அதனிடம் வந்து சேரும் நேரத்தைத் தன்னிடம் வைத்திருக்கிறதா என்பதே எல்லா இனப் பட்டியலுக்கும் முன்னே எழ வேண்டிய கேள்வி.